மின்கட்டணமும் மொட்டை மாடி வெயிலும்

வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாடு நம்முடையது. அவ்வெயிலைப் பயிரில் ஏற்றி நெல்லாக்குபவர் நம் விவசாய அங்கத்தினர். கஞ்சியிட்ட பாவை அதே வெயிலில் உலர்த்தி நூலுக்கு உறுதி தருபவர் நம் நெசவாள அங்கத்தினர். அந்த வெயிலை மொட்டை மாடியிலேயே பிடித்து மின்சாரமாக்கிக்கொள்ளலாம் என்னும் செய்தி இப்பொழுது வீடுதோறும் வந்து சேர்ந்திருக்கிறது. "இனி மின்கட்டணமே இல்லை" என்று அச்சிட்ட தாள்கள் கதவிடுக்கில் செருகப்படுகின்றன. சிலர் நம்பி முன்பணம் கொடுக்கின்றனர். சிலர் நகையை அடகு வைக்கவும் துணிகின்றனர். வேறு சிலர் இதெல்லாம் பணக்காரர் விஷயம் என்று தாளைக் கிழித்தெறிகின்றனர். இம்மூவரும் கணக்குப் பார்க்காமலே முடிவு செய்தவர்கள் என்பதே நம் அபிப்பிராயம்.

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் செல்லும் சாலையை ஒட்டிய கள்ளிக்குப்பத்தைப் போன்ற ஊர்களில் இக்கேள்வி மிகவும் அவசரமானது. அம்பத்தூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த பின் இப்பகுதியில் வீடுகள் நெருங்கிவிட்டன. தனி வீடு, மாடிக் குடித்தனம், அடுக்குமாடி ஆகிய மூன்றும் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆகவே "சூரியத் தகடு போடலாமா, வேண்டாமா?" என்று பொதுப்படக் கேட்பவருக்கு ஒரே விடை கூற இயலாது. "இரண்டு மாதத்தில் எத்தனை யூனிட் செலவாகிறது?" என்பதே நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் மற்றவை தாமே தெளிவாகும்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. அதற்கு மேல் கட்டணம் படிப்படியாக ஏறும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, 500 யூனிட்டுக்குள் செலவு செய்யும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. 500ஐத் தாண்டிய வீட்டுக்கு 2 ரூபாய் 35 காசு என்னும் சலுகைப் படி கிடையாது. 101 முதல் 400 வரை முழுவதுமே 4 ரூபாய் 70 காசு ஆகிவிடும். 500க்கு மேல் 600 வரை 8 ரூபாய் 40 காசு, 800 வரை 9 ரூபாய் 45 காசு, 1,000 வரை 10 ரூபாய் 50 காசு, அப்பால் 11 ரூபாய் 55 காசு. 2025 ஜூலையில் கட்டணம் மீண்டும் உயர்ந்தபோது, வீட்டு இணைப்புகளுக்கான உயர்வை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. விகிதம் இனியும் மாறக்கூடும். ஆதலின் அங்கத்தினர்கள் தம் கைவசமுள்ள கடைசி ரசீதின் விகிதத்தை இட்டுக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்க வேண்டும். எண்கள் மாறினாலும் கணக்கிடும் முறை மாறாது.

இவ்விகிதத்தில் ஒரு பள்ளம் ஒளிந்திருக்கிறது. சரியாக 500 யூனிட் செலவழித்த வீட்டுக்குக் கட்டணம் 1,805 ரூபாய். அவ்வீட்டில் இன்னும் ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் கட்டணம் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்க்கு மேல்! ஓர் இரவு விசிறியையும் விளக்கையும் மறந்து விட்டுவிட்டால் செலவாகும் அளவுதான் இது. இதை அறியாத குடும்பங்கள் பல. மின்சாரத்தின் சராசரி விலையைப் பார்க்காமல், கடைசியாகச் செலவாகும் யூனிட்டின் விலையைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை. மாடியில் விளையும் மின்சாரம் கணக்கில் கழியும்போது முதலில் கழிவது மேற்படியிலுள்ள இந்த விலையுயர்ந்த யூனிட்தான். ஆகவே மேற்படியில் நிற்பவனுக்குச் சூரிய மின்சாரம் பொன். கீழ்ப்படியில் நிற்பவனுக்கு அது வெறும் வெயில்.

இனி வரவு செலவுக்கு வருவோம். ஒரு கிலோவாட் தகடு நம் பக்கத்து வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் என்று கொள்ளலாம். அதற்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். மத்திய அரசாங்கம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூரிய வீடு திட்டம், 2026-27ஆம் நிதியாண்டுக்குள் ஒரு கோடி வீடுகளுக்கு மாடி மின்சாரம் என்ற குறியோடும் 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடும் வகுக்கப்பட்டது. அதன்படி ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000 ரூபாய், மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். முதலிரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 தரும் அத்திட்டம் மூன்றாவதுக்கு 18,000 மட்டுமே தருகிறது என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கிலோவாட்டுக்கு விலை 65,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டு மூன்று வீடுகளின் கணக்கைப் பார்ப்போம்.

முதல் வீடு இரண்டு மாதத்தில் 180 யூனிட் செலவழிப்பது. கட்டணம் 188 ரூபாய். ஒரு கிலோவாட் தகடு அதை முழுவதுமே நீக்கிவிடும். ஆயினும் ஆண்டொன்றுக்கு மிச்சம் 1,128 ரூபாய்தான். மானியம் போகக் கையிலிருந்து போடும் 35,000 ரூபாய் திரும்பிவர 31 ஆண்டுகள் ஆகும். தகட்டின் ஆயுளாகச் சொல்லப்படுவதோ 25 ஆண்டு! இவ்வீட்டுக்காரர் தகடு வாங்குவது தவறு. அவருக்கு அதை விற்பவர் செய்வது அதைவிடப் பெரிய தவறு.

இரண்டாவது வீடு 400 யூனிட் செலவழிப்பது. கட்டணம் 1,175 ரூபாய். ஒரு கிலோவாட் அமைத்தால் கணக்கில் நிற்பது 160 யூனிட்; கட்டணம் 141 ரூபாய். ஆண்டுக்கு 6,204 ரூபாய் மிச்சம். போட்ட 35,000 ரூபாய் ஐந்தரை ஆண்டு கடந்து திரும்பும். இது நல்ல முதலீடே. ஆனால் வட்டிக்கு வாங்கிய பணமானால் வட்டியையும் சேர்த்து எண்ண வேண்டும்.

மூன்றாவது வீடு ஏ.ஸி. ஓடும் வீடு; 800 யூனிட்; கட்டணம் 4,770 ரூபாய். இங்கே முதல் கிலோவாட் ஒருமுறைக் கட்டணத்தை 2,544 ரூபாயாகக் குறைக்கும். இரண்டாவது கிலோவாட் அதை 799 ரூபாயாக்கும். இரண்டுக்கும் சேர்த்துப் போட்ட 70,000 ரூபாய் ஏறக்குறைய மூன்றே ஆண்டில் திரும்பிவிடும். இவ்வளவில் நின்றால் சிறப்பு. ஆனால் விளம்பரத் தாள் நிற்க விடுவதில்லை. "மூன்று கிலோவாட் போடுங்கள், பில் பூஜ்யம்" என்கிறது. பூஜ்யமாவது உண்மைதான். அந்த மூன்றாவது கிலோவாட்டுக்குக் கையிலிருந்து 47,000 ரூபாய் போகிறது. அது மிச்சப்படுத்துவதோ ஒரு பில்லுக்கு 799 ரூபாய், ஆண்டுக்கு 4,794 ரூபாய். அப்பணம் திரும்பப் பத்து ஆண்டு ஆகும். அந்த வேளையில் இன்வெர்ட்டரையே மாற்ற வேண்டி வரலாம். பில்லைப் பூஜ்யமாக்குவதற்காகப் போடும் கடைசி ரூபாய்தான் மிகக் குறைந்த பலன் தரும் ரூபாய் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

இன்னொன்றும் உண்டு. சித்திரையில் 800 யூனிட் ஓடும் வீடு மார்கழியில் 350 யூனிட்டோடு நின்றுவிடும். ஆகவே கோடையின் ஒரு ரசீதை வைத்து ஆண்டுக் கணக்குப் போடலாகாது. ஆறு ரசீதுகளையும் வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். ஆறு ரசீதையும் கேட்டு வாங்கிப் பார்க்காமல் "உங்கள் வீட்டுக்கு மூன்று கிலோவாட்" என்று கூறும் விற்பனையாளர் நம் நலத்தை எண்ணிக் கூறவில்லை என்று தீர்மானித்துவிடலாம்.

தகட்டுக்கு முன்னால் சிக்கனம் என்பதையும் இங்கே வற்புறுத்துகிறோம். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.ஸி. என்னும் புது வகை மின்விசிறி 30 வாட்டுக்குள் அடங்கிவிடும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு இரண்டு மாதத்தில் சுமார் 40 யூனிட் மிச்சம்; மூன்று விசிறிக்கு 120 யூனிட். கோடையில் 560 யூனிட் செலவழித்து 2,544 ரூபாய் கட்டும் வீடு, இதனால் 440 யூனிட்டுக்கு இறங்கி 1,427 ரூபாய் கட்டும். ஒரே ரசீதில் 1,117 ரூபாய் மிச்சம்! மானியம் வேண்டாம், மாடி வேண்டாம், விண்ணப்பம் வேண்டாம். வாடகைக்குக் குடியிருப்பவரும் இதைச் செய்துகொள்ளலாம். வீடு மாறும்போது விசிறியைக் கழற்றிக்கொண்டு போகலாம். ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு முன் ஓட்டையை அடைப்பதே விவேகம்.

நெசவாள அங்கத்தினர்க்கு ஒரு தனி வார்த்தை. 2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசாங்கம் கைத்தறி நெசவாளர்க்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 300 யூனிட்டாகவும், விசைத்தறிக்கு 750 யூனிட்டாக இருந்ததை 1,000 யூனிட்டாகவும் உயர்த்தியது. அச்சலுகைக்கு உட்பட்டு 300 யூனிட்டுக்குள் வாழும் கைத்தறிக் குடும்பம் மாடித் தகட்டுக்குக் கடன் வாங்குவது, இலவசமாகக் கிடைப்பதை விலை கொடுத்து வாங்குவதாகும். அக்கடனைத் தறிக்கோ நூலுக்கோ வாங்கினால் வருமானமேனும் வரும். அவ்வாறே விவசாய அங்கத்தினர், பம்ப்செட் இணைப்பையும் வீட்டு இணைப்பையும் குழப்பிக்கொள்ளலாகாது. சிறு விவசாயிகளுக்கு 1984இலும் எல்லா விவசாயிகளுக்கும் 1990இலும் வந்த இலவச மின்சாரம் வயலுக்குரியது. வீட்டுக் கணக்கு வேறு.

இவ்வளவு எச்சரித்ததைக் கொண்டு நாம் சூரிய மின்சாரத்துக்குப் பகைவர் என்று யாரும் எண்ண வேண்டாம். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் சிலிக்கன் தகடு முதன்முதலாகக் காட்டப்பட்டபோது, விழுந்த வெயிலில் 6 சதவிகிதத்தையே அது மின்சாரமாக்கிற்று. 1958இல் வானவெளிக்குச் சென்ற வான்கார்ட் என்னும் சிறு துணைக்கோளுக்கு அத்தகைய தகடுகள் பயன்பட்டன. அன்று வானத்துக்கு மட்டுமே கட்டுபடியான பொருள், இன்று 20 சதவிகிதத்துக்கு மேல் திறன் பெற்று, கள்ளிக்குப்பத்துத் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் வந்து அமர்ந்திருக்கிறது. நம் மாநிலத்திலேயே இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய நிலையம் எழுந்தது. விஞ்ஞானத்தின் இவ்வரிய கொடையை மறுப்பது மடமை. தகுந்த இடத்தில், தகுந்த அளவில் அதை ஏற்க வேண்டும் என்பதே நம் வாதம்.

தகுந்தவர் என்று கண்டவர்களும் சிலவற்றைத் தெளிவுபடுத்திக்கொண்டே கையொப்பமிட வேண்டும். முதலாவது, மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண அமைப்பு, மின்தடை நேர்ந்தால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். பாட்டரி இல்லாமல் புயல் இரவில் விளக்கெரியும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டாவது, தெற்கே சற்றுச் சாய்ந்து நிற்கும் தகட்டின் மேல் பக்கத்துத் தென்னையின் நிழலோ, இனி எழப்போகும் பக்கத்து மாடியின் நிழலோ விழுமா என்று பார்க்க வேண்டும். தகட்டின் ஒரு மூலையில் விழும் நிழலும் விளைச்சலை வெகுவாகக் குறைத்துவிடும். மூன்றாவது, 2016 டிசம்பர் 12ஆம் தேதி வீசிய வர்தா புயலை நாம் மறக்கலாகாது. துத்தநாகம் பூசிய சட்டமும் தளத்தில் உறுதியாக இறங்கிய பிடிப்பும் விலைப்பட்டியலில் எழுத்தில் இருக்க வேண்டும். நான்காவது, மத்திய மானியம் பெற இந்தியாவில் செய்த தகடே வேண்டும். மலிவென்று வேறொன்றை மாட்டிவிட்டால் மானியம் போய்விடும். ஐந்தாவது, மாடியிலிருந்து கம்பிக்குப் போகும் யூனிட்டை எப்படிக் கழிக்கிறார்கள், வலையமைப்புக் கட்டணம் ஏதும் பிடிக்கப்படுமா, எவ்வளவு என்பதைப் பிரிவு அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுத் தெரிந்து, மேற்சொன்ன கணக்கில் அதையும் கழித்துப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தகடுகளின் மேல் சரக்கு சேவை வரி 12இலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது; அக்குறைவு நமக்கு வந்து சேர்ந்ததா என்று ரசீதில் பார்ப்பதும் நம் கடமை.

வசதியுள்ளவர் எல்லாரும் மாடியில் மின்சாரம் விளைத்துக்கொண்டால், அதிகக் கட்டணம் கட்டுபவர் குறைந்து, கம்பியையும் மின்மாற்றியையும் காக்கும் சுமை ஏழையின் தலையில் விழாதா என்று ஆட்சேபிப்பவர் உண்டு. இது தள்ளிவிடத்தக்க ஆட்சேபணை அன்று. மாடித் தகடு உச்சிவேளையில் கொடுக்கிறது; வீடு மாலையில் கேட்கிறது. இடைப்பட்ட வேளையில் மின்வாரியத்தின் கம்பியே நமக்குக் களஞ்சியமாக நிற்கிறது. களஞ்சியத்துக்கு நியாயமான கூலி தர மறுப்பது முறையாகாது. ஆனால் இதற்குப் பரிகாரம் மாடி மின்சாரத்தைத் தடுப்பதன்று. மாடியில்லாதவரையும் அதில் பங்காளியாக்குவதே பரிகாரம். இங்கேதான் கூட்டுறவுக்கு வேலை வருகிறது.

தனி மாடி உடையவனுக்கே இத்திட்டம் இன்று முழுப் பயன் தருகிறது. அடுக்குமாடியில் குடியிருப்போர்க்குப் பொது விளக்கு, பொது மோட்டாருக்காகக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. அதைக்கூட அவர்கள் ஒன்றுகூடினாலன்றிப் பெற முடியாது. வாடகைக் குடித்தனக்காரருக்கு ஒன்றுமில்லை. நம் சங்கங்களின் கிடங்குகளும் தறிக்கூடங்களும் விற்பனைக்கூடங்களும் அகன்ற கூரையோடு வெயிலில் வெறுமனே காய்கின்றன. அக்கூரையில் விளையும் மின்சாரத்தில் மாடியில்லாத அங்கத்தினரும் பங்கெடுத்து, அப்பங்கு அவர் வீட்டு ரசீதில் கழியுமாறு ஏற்பாடு வேண்டும். டில்லியில் 2019இலேயே இவ்வகைக் கூட்டுக் கழிவுக்கு விதிமுறை வகுக்கப்பட்டது. நம் சிறு சங்கங்களும் எளிதில் கையாளக்கூடிய விதத்தில் அது இங்கும் அமைய வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். கேட்பது தனி ஆளாக அன்று, சங்கத் தீர்மானமாக.

இது ஆகாத காரியம் என்று சோர்வடைய வேண்டியதில்லை. நெசவுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற தெலங்கானாவின் சிரிசில்லாவில், மின்விநியோகத்தையே 1970 முதல் ஒரு கூட்டுறவுச் சங்கம் நடத்தி வருகிறது. குஜராத்தின் கேடா மாவட்டத்துத் துண்டி கிராமத்தில் 2016இல் ஆறு விவசாயிகள் கூடி, பம்ப்செட்டுகளைச் சூரியத் தகட்டில் ஓட்டி, மிகுந்ததை மின்நிறுவனத்துக்கு யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு விற்க 25 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டனர். மிகுந்த மின்சாரத்துக்கு விலை கிடைத்தபடியால், நீரை வீணே இறைக்காமல் இருப்பதும் அவர்களுக்கு வருமானமாயிற்று. ஆறு பேர் கூடிச் செய்ததை அறுநூறு அங்கத்தினர் உள்ள சங்கம் செய்ய முடியாதா?

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு நாம் கூறுவது நான்கு. கடன் விண்ணப்பத்தோடு ஆறு ரசீதுகளையும் கேட்டு வாங்குங்கள். பத்து ஆண்டுக்குள் பணம் திரும்பாத வீட்டுக்குக் கடன் மறுப்பதே அவ்வங்கத்தினருக்குச் செய்யும் உதவி. தகுதியுள்ள இருபது முப்பது வீடுகளைச் சேர்த்து ஒரே விலைப்புள்ளி கேளுங்கள்; தனியொருவருக்குக் கிடைக்காத விலையும் உத்தரவாதமும் கூட்டத்துக்குக் கிடைக்கும். தகடு துடைக்கவும் கம்பி சோதிக்கவும் உள்ளூர் இளைஞர் இருவரைப் பயிற்றுவித்து, அதற்கென ஒரு பராமரிப்பு நிதி வையுங்கள். செங்குன்றம் சாலையின் புழுதி படிந்த தகடு பாதி வயிறு உண்ட மாட்டைப் போலவே உழைக்கும். சங்கத்தின் சொந்தக் கூரையில் முதலில் நீங்களே அமைத்து, மாதந்தோறும் விளைந்த யூனிட்டை அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். அங்கத்தினர் விளம்பரத் தாளை விடுத்து அப்பலகையைப் பார்த்து முடிவு செய்வர்.

1904இல் இதே திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியபோது, கந்துவட்டிக்காரன் எழுதும் கணக்கை விவசாயி தானும் படித்தறிய வேண்டும் என்பதே அதன் உட்பொருள். கடன் கொடுப்பவன் மாறியிருக்கலாம், பண்டம் மாறியிருக்கலாம். படித்தறிய வேண்டிய கணக்கு இன்றும் இருக்கிறது. வரும் பொதுக்குழுக் கூட்டத்துக்கு ஒவ்வோர் அங்கத்தினரும் தம் வீட்டு ஆறு ரசீதுகளோடு வரட்டும். அங்கேயே கூட்டிக் கழித்துப் பார்ப்போம்.